ஜிரோகாஸ்தருக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் ஜிரோகாஸ்தரில் ஒரு ஓட்டல் சமையலறையில் சேரப்போவதாகச் சொல்லி, "நம்மாட்கள் யாருமே இல்லாத அல்பேனிய மலையூரில் காலம் தள்ள முடியுமா? ஊர்ச் சனம் எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் ஒன்று: இந்த ஊருக்குத் தன் பழைய கதை மேல் அப்படி ஒரு பிடிப்பு. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால் மனிதர்கள் சீக்கிரம் நெருங்குவார்கள்.

முதலில் காகித விஷயம். வேலைக்கும் தங்குவதற்கும் சேர்த்து இங்கே ஒரே அனுமதிதான். விண்ணப்பத்தை முதலாளி போட்டுவிட்டார் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, நகலைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். தலைநகர் திரானாவிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம் போல ஆகும், ரயில் கிடையாது.

ஊர் இருப்பது திரினோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைச் சரிவில். தெரு, சுவர், கூரை எல்லாமே கல். கூரைக்கு ஓடு போடுவதில்லை. சுண்ணாம்புக்கல் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடுகிறார்கள். ஒரு கூரையைப் பிரித்து மறுபடி அடுக்குவது பெரிய செலவு. தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். அதனால்தான் சில வீடுகள் இடிந்து கிடக்கின்றன, பார்க்கவே வயிறு எரியும். வந்த முதல் வார விடுமுறையில் ஸ்கெந்துலி குடும்பத்தின் பழைய வீட்டுக்குப் போய்வாருங்கள். கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். கீழ்த்தளம் கோட்டைச் சுவர் மாதிரி கனமாக இருக்கும். கூரையில் விழும் மழைநீர் இறங்கிச் சேர அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. குளிர்காலத்துக்குத் தாழ்வான, கணப்பு வைத்த அறைகள். மேல்தளத்தில் காற்றோட்டமான கோடைக்கால அறைகள். வீட்டிலேயே அழகான அறை விருந்தாளிக்கு. சித்திர வேலைப்பாடு செய்த கணப்பு, மரச் செதுக்குக் கூரை, சுற்றிலும் உட்கார மெத்தைத் திண்ணை. விருந்தாளியை இந்த ஊர் எங்கே வைக்கிறது என்பதை அந்த அறையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். காபி வரும், கூடவே வீட்டில் போட்ட இனிப்புப் பழப்பாகு, ராக்கியும் வரும். குடிக்காதவர் என்றால் நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இந்த வீடுகளுக்காகத்தான் 2005-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இனி கவனமாக இருக்க வேண்டிய பக்கம். அல்பேனியாவை 1944 முதல் 1985-இல் சாகும்வரை இரும்புப் பிடியில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா இந்த ஊரில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது இருப்பது நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகம். நாட்டின் பெரிய எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயும் இதே ஊர்தான். 1936-இல் பிறந்து, 2024-இல் காலமானார். அவர் வீடும் இப்போது பார்வைக்குத் திறந்திருக்கிறது. 1967-இல் ஹோஜா ஆட்சி மதத்தையே தடை செய்தது. கடைத்தெருப் பள்ளிவாசல் இடிபடாமல் தப்பி, சர்க்கஸ் கலைஞர்கள் பயிற்சி செய்யும் கூடமாகக் கிடந்தது. இந்த ஊர்க் கோட்டைக்குள் 1968 வரை சிறை இருந்தது, போய்ப் பார்க்கலாம். கோட்டைக்கு அடியில், அணுகுண்டு விழுந்தாலும் அதிகாரிகள் பதுங்கிக்கொள்ள 80 அறைகளோடு ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர் பலருக்கே ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அது தெரிய வந்தது.

இவ்வளவும் எதற்கு என்றால், இங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒருவர் அன்று சிறைக்குப் போனவராக இருப்பார், இன்னொருவர் கட்சியில் இருந்தவராக இருப்பார். ஆகவே "ஹோஜா நல்லவரா கெட்டவரா" என்று நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். மதத்தைப் பற்றி உங்களை யாரும் நோண்ட மாட்டார்கள். முஸ்லிம், பெக்தாஷி என்ற சூஃபி பிரிவினர், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் எல்லோரும் கலந்து வாழும் ஊர், கல்யாண உறவும் உண்டு. இந்தியா என்றதும் அன்னை தெரசா பேரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அல்பேனியர், திரானா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

நீங்கள் பயப்படும் தனிமையை இவர்களும் அனுபவித்தவர்கள். 1990-91-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி ஆட்டம் கண்டதும் கூட்டம் கூட்டமாக மலை தாண்டிக் கிரேக்கத்துக்கு நடந்தே போனார்கள். எல்லை இங்கிருந்து காரில் அரை மணி நேரம்தான். பிறகு 1997-இல், அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து சேமிப்பெல்லாம் போனது. தெற்கே கலகம் வெடித்தது, மறுபடியும் ஒரு கூட்டம் வெளியேறியது. ஏதென்ஸிலோ இத்தாலியிலோ பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஊருக்குப் பணம் அனுப்பினாயா, அம்மாவிடம் பேசினாயா என்று முன்பின் தெரியாதவர்கூடக் கேட்பார். வேவு பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள், அக்கறையில் கேட்பதுதான். எனக்கு இந்த ஊர் ஒட்டிக்கொண்டதே அந்தக் கேள்விகளால்தான்.

நீங்கள் சமையல்காரர் என்பதால் கிஃப்கி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊருக்கே உரிய பண்டம். வேகவைத்த சோற்றில் முட்டையும் நிறைய புதினாவும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, குழி குழியான வாணலியில் எண்ணெய் விட்டு உருண்டையாகத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். சட்டி அசல் நம் பணியாரக்கல் போலவே இருக்கும்! பணியாரம் திருப்பிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. முதல் நாளே அதைச் செய்துகாட்டுங்கள், சமையலறையில் உங்கள் மரியாதை கூடிவிடும். மோரும் தயிரும் தாராளமாகக் கிடைக்கும். காரம் மட்டும் இங்கே யாருக்கும் ஆகாது.

சாயங்காலம் ஊரே நடக்கக் கிளம்பும், ஜிரோ என்பார்கள். அதில் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். வேலை, வாடகை வீடு, பழைய சைக்கிள் எல்லாம் அங்கேதான் பேசி முடியும். கோட்டையில் 1968 முதல் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேசிய நாட்டுப்புற விழாவும் உண்டு. அங்கே இந்தப் பக்கத்துக் கூட்டுப்பாட்டைக் கேட்க வேண்டும்: ஒருவர் பாட்டெடுக்க, இன்னொருவர் எதிர்ப்பாட்டுப் போட, மற்றவர்கள் அடியில் ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்பார்கள். அந்தப் பாட்டுக்கு வாத்தியமே கிடையாது. நீங்கள் இருக்கும்போது விழா வந்தால் விடுப்பு எடுத்தாவது போங்கள்.

கடையில் விலை கேட்டால் பதறாதீர்கள். 1965-இல் லெக் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தை வெட்டினார்கள், சனம் இன்னும் பழைய கணக்கில்தான் பேசுகிறது. 500 லெக் பொருளை ஐயாயிரம் என்பார்கள், நீங்கள் 500 கொடுத்தால் சரி. அப்புறம் தலையசைப்பு. பழைய ஆட்கள் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலே உயர்த்தினால் இல்லை. நமக்கு இது சுலபம்தான்.

குளிர்காலத்தில் மழை விடாது, கல் தெரு வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் புளி, பெருங்காயம், சாம்பார் பொடி வையுங்கள், அரிசி சுமக்க வேண்டாம். வரும் தேதி உறுதியானதும் சொல்லுங்கள், பஸ் நிற்கும் இடத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.