இரண்டு மீற்றரும் மூன்று சென்ரிமீற்றரும்

மறக்க முடியாத சர்வதேசப் போட்டிகள் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

வெள்ளவத்தையிலிருந்து: ஐயா, 96 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில நாணயச் சுழற்சியில வென்ற எங்கட கப்டன் அர்ஜுன ரணதுங்க ஏன் முதலில பந்துவீசப் போனவர்?

அதற்கு முந்தைய ஐந்து இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணிதான் கிண்ணத்தைத் தூக்கியது. அந்தக் கணக்கை அவர் பொருட்படுத்தவில்லை. லாகூரில் இரவானதும் பனி இறங்கியது. நனைந்த பந்து அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னின் விரலில் நிற்கவில்லை. 10 ஓவர், 58 ஓட்டம், விக்கெட் இல்லை. 23 ஓட்டங்களுக்கு 2 விக்கெட் விழுந்த இடத்திலிருந்து அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார். முன்னதாக 3 விக்கெட் எடுத்தவரும் அவரே.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அந்த முறை கொழும்புக்கு வர மாட்டோம் எண்டு சொன்ன அணிகள் எவை?

அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும். ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது; அவர்களின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு மறக்காதது வேறு. பெப்ரவரியில் இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக இலங்கையுடன் விளையாடக் கொழும்பின் பிரேமதாச மைதானத்துக்கு வந்தார்கள். எங்கள் துடுப்பாட்ட வீரர் களுவிதாரண ஆட்டமிழந்த வரியைப் பாருங்கள்: பிடி டெண்டுல்கர், பந்துவீச்சு வசீம் அக்ரம். அந்த இரண்டு பெயரும் அப்படிச் சேர்ந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்!

தெஹிவளையிலிருந்து: ஒலிம்பிக்கில எங்களுக்கு எத்தனை பதக்கம், அண்ணா?

இரண்டு, இரண்டும் வெள்ளி. 1948 லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட். 2000 சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க. சுசந்திகா அன்று வாங்கியது வெண்கலம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்ததால், ஒன்பது வருடம் கழித்துத்தான் அது வெள்ளியானது. புதிதாகத் தங்கம் பெற்ற பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27, இவருடையது 22.28.

பம்பலப்பிட்டி மாணவி: எங்கட தமிழாக்கள் ஆராவது சர்வதேசத் தங்கம் எடுத்திருக்கினமோ?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தங்கச்சி. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

திகதியைக் கவனியுங்கள். விழா மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. அதே நாட்களில் இங்கே கலவரம். மே 27இல் அவசரகாலச் சட்டம். கொழும்பில் தமிழ் வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு தமிழர் அங்கே இலங்கையின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பாய்ந்திருக்கிறார். எத்தனை முறை யோசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அர்ஜுனவின் பெயர் தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இவருடைய பெயரும் தெரிய வேண்டும். வகுப்பில் சொல்லுங்கள்.

அதே மாணவி: நானும் பாயிறனான். அந்தக் காலத்தில மெத்தை இருந்ததோ?

உங்களுக்கு இருப்பது போன்ற தடித்த மெத்தை இல்லை. பெரும்பாலும் மணல் அல்லது மரத்தூள். முதுகு கீழே விழும்படி பாயும் முறையை உலகம் கவனித்ததே 1968இல், மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி தங்கம் வென்றபோதுதான். அதற்கு முன் உடம்பை உருட்டிக் குறுக்குக் கம்பைத் தாண்டி, காலையோ கையையோ ஊன்றி இறங்குவார்கள். உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு, ஒரு நாள் தாழ்ந்த கம்பில், மெத்தை மீதே, அப்படிப் பாய்ந்து பாருங்கள்.