துணிக்கு அடியில் யார்?

கேள்வி: 1860களில் எடுத்த ஐரோப்பியக் குழந்தைப் படம் ஒன்றைப் பார்த்தேன். குழந்தைக்குப் பின்னால் தலைமுதல் கால்வரை துணி போர்த்திய உருவம். இறந்த குழந்தையைத் தாங்கிப் பிடித்து எடுத்த படம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பேயும் இல்லை, பிணமும் இல்லை. பெரும்பாலும் அம்மா, சில படங்களில் தாதியோ ஸ்டூடியோ ஆளோ. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் அப்போது புழக்கத்தில் இருந்தது. மருந்து பூசிய கண்ணாடித் தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். வெளிச்சம் மங்கினால் பல விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அதனால் அம்மாவே நாற்காலியானாள்.

பழைய படங்கள் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. என்னிடம் ஒரு தகரப்படம் இருக்கிறது (உண்மையில் அது இரும்புத் தகடு, பெயர்தான் தகரம்). அதன் நீள்வட்டத் தாள் சட்டத்தைக் கழற்றியபோது, துணி மடிப்பிலிருந்து நான்கு விரல்கள் எட்டிப்பார்த்தன, ஒன்றில் மோதிரம். குழந்தையின் இடது பாதம் மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. உதைத்திருக்கிறது. பிணம் உதைக்குமா?

அம்மா மடியில் உட்கார்ந்த படங்களும் ஏராளம். பிறகு ஏன் ஒளித்தார்கள்? பாரிசில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் 1854இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுக்கலாம். விசிட்டிங் கார்டு அளவில் ஒட்டி உறவினருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் ஆல்பத்தில் செருகிக்கொண்டார்கள். அந்த ஆல்பத்தில் பிள்ளைக்கென்று தனி இடம் வேண்டும், பெரிய மனிதரைப்போல. அதற்கு அம்மாவின் கை தேவைப்பட்டது, முகம் தேவைப்படவில்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இறந்த குழந்தைகளையும் படமெடுத்தது உண்மை. தூங்குவதுபோல் படுக்கவைத்தோ மடியில் கிடத்தியோ எடுத்தார்கள். அந்தப் படங்களில் அம்மா பெரும்பாலும் முகத்தை மறைப்பதில்லை.

கேள்வி: அதே காலத்துப் படம் ஒன்றில் கவுன் போட்ட குழந்தை, கையில் சாட்டை. ஆணா, பெண்ணா?

பதில்: அங்கே சின்னப் பையன்களுக்கும் கவுன்தான், கால்சட்டை மாட்டிவிடுவது பிறகு வரும் தனிச் சடங்கு. சாட்டையைப் பார்த்தால் பையன் என்றே சொல்வேன். எதற்கும் வகிட்டைப் பாருங்கள்: நடுவில் என்றால் பெரும்பாலும் பெண், ஓரத்தில் என்றால் பையன். மொட்டைத் தலை என்றால் என்னைக் கேட்காதீர்கள்.