சம்பளம் குறையும், வேலை பிடிக்கும்: மாறலாமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் எட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பொது சுகாதாரத் துறையில் களப்பணி கிடைத்திருக்கிறது. ரொம்பப் பிடித்த வேலை. ஆனால் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும், வீட்டுக் கடனும் ஓடுகிறது. போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு. பணி ஆணை வந்ததும், வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, திட்டம் முடியும்வரைதானா என்று பாருங்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, சம்பளத்துடன் விடுப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். இவை இல்லாத ஒப்பந்தப் பணி என்றால் முழுவதும் இழப்புதான்.

அடுத்தது ஊதிய உயர்வு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்ந்தால் 10 ஆண்டில் சம்பளம் 34 சதவீதம் கூடும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அதற்குள் செலவு 63 சதவீதம் கூடியிருக்கும். விலைவாசிக்கு ஏற்றபடி தனியாகப் படி தருவார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

பழைய வேலையில் இருக்கும்போதே மூன்று மாதம் புதிய சம்பளத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். சம்பளம் வந்த அன்றே மிச்சத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதில் கைவைக்க நேர்ந்தால் தவணையைக் குறைக்க வேண்டும். கடன் காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும். ஆனாலும் நீட்டுவதென்றால் இப்போதைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வங்கியில் கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு இழுத்தால் முதல் சம்பளம் தள்ளிப்போகும். சேமித்த அந்த மிச்சம் அப்போது உதவும்.

வேலை பிடிக்கும் என்கிறீர்களே, அதே பதவியில் இருப்பவரிடம் போன வாரம் எத்தனை மணி நேரம் களத்தில் இருந்தார், எத்தனை மணி நேரம் பதிவேடு எழுதினார் என்று கேளுங்கள். பாதிக்கு மேல் பதிவேடு என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

கேள்வி: அரசுப் பணியில் இருக்கிறேன். வெளியே இரட்டிப்புச் சம்பளம் தருகிறார்கள். வேலையை விட மனமில்லை.

பதில்: ராஜினாமா கடிதம் எழுதும் முன், அயற்பணியாகவோ (அரசு வேலையை விடாமல் வேறு அமைப்பில் தற்காலிகமாகப் பணிபுரிவது) சம்பளமில்லா விடுப்பிலோ போக விதி இடம் தருகிறதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஓய்வூதியத் தகுதிக்கான குறைந்தபட்சப் பணிக்காலம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தால், அதுவரை பொறுங்கள்.