ஞானப்பல் எடுக்கப் போறீங்களா, எடுத்துட்டு வந்துட்டீங்களா? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஞானப்பல் பத்தினதை மட்டும் தனியா எடுத்துக்கிட்டேன். எல்லாரும் பயப்படறது பல்லை எடுக்கற அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான். என்னைக் கேட்டா முதல் ரெண்டு நாள் வீட்டுல எப்படி இருக்கீங்கங்கறதுக்குத்தான் நிறைய கவனம் வேணும், பாதி அவஸ்தை அங்கதான் ஆரம்பிக்குது.

கேள்வி: வயசு 24, கோயம்புத்தூர். வலி எதுவும் இல்ல. ஆனா க்ளீனிங் பண்ணப் போன இடத்துல ஓபிஜி (எல்லாப் பல்லையும் ஒரே படத்துல காட்டற எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துட்டு நாலு ஞானப்பல்லையும் எடுத்துடலாம்னு சொல்றாங்க. எடுக்கணுமா?

வலி இல்லங்கறதுக்காக விட்டுடவும் முடியாது, எக்ஸ்ரேல சாய்ஞ்சு தெரியுதுங்கறதுக்காக எடுக்கவும் வேணாம். இங்கிலாந்துல நைஸ்ங்கற அரசு அமைப்பு 2000-லயே சொல்லிடுச்சு, நோய் எதுவும் இல்லாத, தொந்தரவு குடுக்காத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கற வழக்கத்தை நிறுத்துங்கன்னு. நான் பார்க்கறது இதுதான்: பல்லு முன்பக்கமா சாய்ஞ்சு பக்கத்துக் கடைவாய்ப் பல்லோட பின்புறத்துல முட்டிக்கிட்டு நிக்குதா, அந்த இடுக்குல சாப்பாடு மாட்டி அந்த நல்ல பல்லுல சொத்தை ஆரம்பிச்சிருக்கா, பல்லைச் சுத்தி நீர்க்கட்டி மாதிரி கறுப்பா தெரியுதா, ஈறு அடிக்கடி வீங்குதா. இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வயசுலயே எடுத்துடறது நல்லது, ஏன்னா முப்பதுக்கு மேல போகப் போக எலும்பு கெட்டியாகும், ஆறவும் நாள் ஆகும். எதுவும் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கிட்டு இருந்தா போதும். முன்னாடி பல்லு கோணலாயிடும்னு சொல்லி எடுக்கச் சொன்னா ஏத்துக்காதீங்க, ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணலாகுதுன்னு நிரூபணம் ஆகல. அந்த நாலு பல்லுக்கும் தனித்தனியா காரணம் கேளுங்க, நல்ல டாக்டர் படத்தை வச்சே காட்டிடுவாங்க.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்னு எங்க அத்தை சொல்றாங்க, நிஜமா?

இல்லைங்க. பல்லுக்குப் போற நரம்பும் பார்வை நரம்பும் வேற வேற. இதை நம்பி சீழ் வச்ச மேல் பல்லை வருஷக் கணக்கா வாயில வச்சிக்கிட்டு வர்றவங்களைப் பார்க்கறப்போ மனசு கஷ்டமா இருக்கு. சீழை விட்டு வச்சாத்தான் முகத்துல பரவி ஆபத்தாகும், எடுக்கறதால கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: மயக்க மருந்து குடுப்பாங்களா? உள்ள என்னதான் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் தைரியமா போவேன்.

பெரும்பாலும் மரத்துப் போற ஊசி மட்டும்தான், முழிச்சிக்கிட்டுதான் இருப்பீங்க. கீழ்த் தாடையில உள்பக்கமா ஊசி போட்டு அஞ்சு பத்து நிமிஷம் விட்டா பாதி உதடும் பாதி நாக்கும் தடிச்சுப்போன மாதிரி ஆயிடும். அப்புறம் ஈறைக் கீறி விலக்கி, பல்லைச் சுத்தி இருக்கற எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லை ரெண்டு மூணு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டா வெளிய எடுத்து, கழுவி, தையல் போட்டுடுவாங்க. வெட்டறப்போ எலும்பு சூடாகாம இருக்க உப்புத் தண்ணி விட்டுக்கிட்டே இருப்பாங்க, பக்கத்துலயே ட்யூப் அதை உறிஞ்சிக்கிட்டு இருக்கும். உங்களுக்குத் தெரியப்போறது அழுத்தமும் சத்தமும்தான், மண்டைக்குள்ள கேக்கற மாதிரி கடகடன்னு கேக்கும், கடைசியில ஒரு படக்குன்னு சத்தம் வந்தா பயந்துடாதீங்க, அது பல்லுத் துண்டு பிரியற சத்தம். அழுத்தம் இருக்கும், சுருக்குன்னு வலி இருக்கக் கூடாது, இருந்தா உடனே கையத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவாங்க. இந்த ஊசிக்கு வெறும் வயித்துல வர வேண்டியதில்ல, நல்லா டிபன் சாப்பிட்டுட்டு வாங்க. கறுப்பு சில்க் தையல்னா ஒரு வாரத்துல பிரிக்கப் போகணும், கரையற தையல்னா தானா உதிர்ந்துடும், எதுன்னு அன்னிக்கே கேட்டுக்கோங்க.

கேள்வி: என் கணவருக்கு கீழ் ஞானப்பல் எடுத்து நாலாவது நாள். முதல் ரெண்டு நாள் நல்லா இருந்தார், நேத்துலேர்ந்து காது வரைக்கும் தெறிக்குது, மாத்திரை போட்டாலும் அடங்கல, வாய் நாத்தம் வேற. சிகரெட் பழக்கம் உண்டு. ஆன்டிபயாடிக் இன்னும் ஸ்ட்ராங்கா வாங்கித் தரலாமா?

வேணாம், இன்னிக்கே எடுத்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்க சொல்றதெல்லாம் ட்ரை சாக்கெட் மாதிரியேதான் இருக்கு. பல்லை எடுத்த பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி நிக்கும், புண்ணுக்கு மேல உட்கார்ற பொருக்கு மாதிரிதான் அது, அதுக்கு அடியிலதான் புது சதை வளரும். அந்தக் கட்டி கரைஞ்சோ பிடுங்கிக்கிட்டோ போயிட்டா அடியில எலும்பு வெறுமையா காத்து பட நிக்கும், அந்த வலிதான் காதுக்கும் நெத்திப் பொட்டுக்கும் தெறிக்குது. இது பெரும்பாலும் கிருமி விஷயம் இல்ல, அதனால ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்திப் போட்டு ஒண்ணும் ஆகாது. பள்ளத்தைக் கழுவி கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை வச்சு அடைச்சு விட்டா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே முகம் தெளிஞ்சிடும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தி வைக்க வேண்டி வரலாம், ஒரு வாரம் பத்து நாள்ல ஆறிடும். கிராம்பு எண்ணெயை பாட்டில்லேர்ந்து நீங்களே உள்ள ஊத்தாதீங்க, சதை வெந்துடும்.

இனிமே எடுக்கப் போறவங்களும் இதைக் கவனிங்க. முதல் 24 மணி நேரம் எச்சில் துப்பாதீங்க, முழுங்கிடுங்க. வாய் கொப்பளிக்க வேணாம், ஸ்ட்ரா வேணாம், உறிஞ்சற எதுவும் வேணாம். பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் பேசாம இருங்க, சும்மா சும்மா எடுத்துப் பார்த்தா கட்டி நிக்காது. எச்சில் ஒரு நாள் ரோஸ் கலர்ல வர்றது சகஜம், வாய் நிறைய சிவப்பா வந்தா புதுப் பஞ்சை மடிச்சு அந்த இடத்துலயே வச்சு நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் அழுத்திக் கடிங்க, அப்பவும் நிக்கலன்னா போன் பண்ணுங்க. சிகரெட் அஞ்சு நாளாவது கூடவே கூடாது, ஹான்ஸ் மாதிரி அடக்கிக்கிற புகையிலையும்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடற பெண்களுக்கும் ட்ரை சாக்கெட் கொஞ்சம் அதிகம் வரும், டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பள்ளத்துல வெள்ளையா மஞ்சளா படலம் தெரிஞ்சா, வலியும் கொறைஞ்சுக்கிட்டு வந்தா, அது ஆறற அடையாளம். பல்லுக்குச்சி, பட்ஸ், சேஃப்டி பின் எதையும் விட்டு நோண்ட வேணாம்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்? தயிர் சேர்த்தா சீழ் பிடிக்கும்னு வீட்டுல ரசம் சாதம் மட்டும்தான் தர்றாங்க.

தயிர் தாராளமா சாப்பிடுங்க, சீழ் பிடிக்காது. சொல்லப்போனா முதல் நாள் குளிர்ந்த தயிர் சாதம் மாதிரி இதமான சாப்பாடு கிடையாது, நல்லா குழைச்சு மசிச்சு, ஆனா கடுகு தாளிக்காம. கடுகு, எள்ளு, ரவை, மிக்சர் எல்லாம் பள்ளத்துல போய் உட்கார்ந்துக்கும். ஐஸ்கிரீம் சரி, கோன் வேணாம். ஆறின ராகிக் கூழ், பாலில் ஊற வச்ச இட்லி, மசிச்ச முட்டை, நல்லா வெந்த பருப்பு, காரம் இல்லாத மீன் கூட சாப்பிடலாம். பத்தியம்னு சத்தைக் குறைச்சா புண்ணு ஆற இன்னும் நாள்தான் ஆகும். மரத்துப் போனது முழுசா தெளியற வரைக்கும் சூடா எதுவும் வேணாம், உதட்டைக் கடிச்சுக்கறது, வாய் வெந்துக்கறது எல்லாம் அந்த நேரத்துலதான் நடக்கும்.

வீக்கத்துக்கும் இங்கயே சொல்லிடறேன். முதல் நாள் ஐஸைத் துணியில சுத்தி கன்னத்துல கொஞ்ச நேரம் வைங்க, கொஞ்ச நேரம் எடுங்க. வீக்கம் ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். பல் எடுத்த மறுநாள்லேர்ந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணியை சாப்பிட்டதும் மெதுவா வாயில வச்சு சாய்ச்சு விடுங்க, கடகடன்னு கொப்பளிக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 58. இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) சாப்பிடறார், சுகரும் உண்டு. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திட்டு பல் எடுக்கலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு நாள் கூட. ஈறுல ரத்தம் கொஞ்சம் கூட நேரம் வந்தா பஞ்சும் தையலும் வச்சு நிறுத்திடலாம், ஸ்டென்ட் அடைச்சா உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம தடுக்கற இன்னொரு மாத்திரையான க்ளோபிடாக்ரலும் சேர்த்து சாப்பிட்டா இதயம் பார்க்கற டாக்டர் கிட்டயும் பேசிட்டுத்தான் தேதி குறிப்போம். அசிட்ரோம்ங்கற ரத்தம் உறையாம தடுக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு முன்னாடி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட்) பார்க்கணும், 4-க்குள்ள இருந்தா பெரும்பாலும் நிறுத்தாமலேயே செய்யலாம். சுகருக்கு காலையில சாப்பிட்டுட்டு வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டு முதல் அப்பாயின்ட்மென்ட்ல வரட்டும். வலிக்கு ஐபுப்ரூஃபனை அவருக்கு கடையில வாங்கித் தராதீங்க, ஈகோஸ்பிரினோட சேர்ந்தா வயித்துல ரத்தக் கசிவு வரலாம், பாராசிட்டமால்தான் பாதுகாப்பு. இன்னொண்ணு, எலும்பு தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலட்ரானிக் ஆசிட் ஊசியோ எடுத்திருந்தா மறக்காம சொல்லணும், தாடை எலும்பு ஆறாமலே போற சிக்கல் அதுல இருக்கு.

கேள்வி: எடுத்து ரெண்டு வாரம் ஆச்சு, கீழ் உதடு ஒரு பக்கம் இன்னும் மரத்தே இருக்கு.

கீழ் ஞானப்பல்லோட வேருக்கு ரொம்பப் பக்கத்துலதான் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்ச்சி குடுக்கற நரம்பு ஓடுது. அது நசுங்கியிருந்தா இப்படி ஆகும், பெரும்பாலானவங்களுக்கு சில வாரம், சில மாசத்துல திரும்பிடும். எறும்பு ஊர்ற மாதிரி, சுள்ளுனு வந்தா நல்ல அறிகுறி. டாக்டர்கிட்ட இப்பவே காட்டி எந்த இடம் வரைக்கும் மரத்திருக்குன்னு குறிச்சு வச்சுக்கச் சொல்லுங்க, மாசா மாசம் ஒப்பிட்டுப் பார்க்கணும். துளி கூட மாற்றம் இல்லன்னா காத்துக்கிட்டே இருக்காம வாய் முக அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்க. இன்னும் எடுக்காதவங்களுக்கு: ஓபிஜியில வேரு நரம்பை ஒட்டித் தெரிஞ்சா சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணமா காட்டற ஸ்கேன்) கேளுங்க, ரொம்ப நெருக்கமா இருந்தா மேல் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை அப்படியே விட்டுடற முறையும் இருக்கு.

கேள்வி: திருநெல்வேலி, காலேஜ் படிக்கிறேன். பின்னாடி பல்லு பாதி வெளிய வந்திருக்கு, அதுக்கு மேல ஈறு மூடி வீங்கிருக்கு, வாய் ரெண்டு விரல்தான் திறக்குது. அடுத்த வாரம் செமஸ்டர்.

அந்த ஈறு மடிப்புக்குள்ள சாப்பாடு மாட்டி அழுகியிருக்கும். டாக்டர் அதைக் கழுவி சுத்தம் பண்ணாலே பாதி வலி போயிடும், உங்களுக்கு வாயே திறக்கலங்கறதால ஆன்டிபயாடிக்கும் தருவாங்க. அடங்கினதும் பரீட்சை முடிச்சுட்டு எடுத்துக்கலாம். வெளிப்பக்கம் சூடா ஒத்தடம் குடுக்காதீங்க. தாடைக்கு அடியில கெட்டியா வீங்கினா, நாக்கு மேல தூக்கின மாதிரி இருந்தா, எச்சில் முழுங்க முடியலன்னா, குரல் மாறினா, மூச்சு வாங்கினா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. பல் சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சுக்குழாயை அடைக்கும்.

செலவுக்கு யோசிக்கறவங்க, சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்க. மத்த ஊர்ல தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஓபிலயும் கிளினிக்கை விட ரொம்பக் கம்மியா ஆகும், பேராசிரியர் மேற்பார்வையிலதான் செய்வாங்க.

கேள்வி: பத்து நாள்ல எனக்கு கல்யாணம். லேசா வலி இருக்கு. இப்ப எடுத்துடலாமா?

லேசான வலின்னா தள்ளிப் போடுங்க. வீக்கம் ஒரு வாரத்துல வடிஞ்சாலும் கன்னத்துல மஞ்சளா ரத்தம் கட்டின மாதிரி கொஞ்ச நாள் நிக்கலாம், வாய் முழுசா திறக்க ரெண்டு வாரம் ஆகறவங்களும் உண்டு, விருந்துல உட்கார்ந்து கஞ்சி குடிக்கற மாதிரி ஆயிடும். இப்போதைக்கு அந்த இடத்தை சுத்தம் பண்ணிக்கோங்க, உப்புத் தண்ணி விடுங்க, கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு தேதி வாங்குங்க. வீக்கமோ காய்ச்சலோ வந்தா மட்டும் அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், அன்னிக்கே வந்து காட்டுங்க.