வாசகர் கேள்வி – பதில்: நட்பு நாடு தவறு செய்தால்?

கேள்வி: பகை நாடுகளில் நடக்கும் மனித உரிமை மீறல்களை உலகத் தலைவர்கள் உரத்துக் கண்டிக்கிறார்கள், நட்பு நாடுகள் அதையே செய்தால் வாய் திறப்பதில்லை. இவர்களுக்கு மனு எழுதி என்ன பயன்? (வாசகி ஒருவர், தலவாக்கலை)

பதில்: நீங்கள் சொல்லும் பாரபட்சம் உண்மை. ஆனால் மனு பலிக்கக்கூடிய இடமும் அதுதான். பகை நாட்டின் கண்டனத்தை எந்த அரசும் எளிதில் தள்ளிவிடும். ஆயுதமும் கடனும் சந்தையும் தருகிற நண்பன் இனித் தரமாட்டேன் என்றால் அப்படித் தள்ளிவிட முடியாது. தென்னாபிரிக்க வெள்ளையரின் நிறவெறி அரசைக் கம்யூனிசத்துக்கு எதிரான அரணாகக் கருதி அமெரிக்கா நெடுங்காலம் அனுசரித்தே வந்தது. 1986இல் அந்நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை ஜனாதிபதி ரீகன் நிராகரித்தபோது, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசில் அவருடைய சொந்தக் கட்சியினர் பலரும் சேர்ந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அந்த நிராகரிப்பை முறியடித்தார்கள். தேவாலயங்களும் மாணவர்களும் தொழிற்சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டதன் பலன் அது. எப்போதும் அப்படி நடப்பதில்லை. சவூதிக்கான ஆயுத விற்பனையை நிறுத்த 2019இல் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானங்களை டிரம்ப் நிராகரித்தார்; அம்முறை முறியடிக்க வாக்குகள் போதவில்லை.

இரு அரசுகளின் நல்லுறவுக்கு மனிதர் கொடுக்கும் விலையை மலையகம் அறியும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தார்கள். கையொப்பமிடுமுன் லயன் அறைகளில் இருந்தவர்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை.

கேள்வி: வெளிநாடுகள் ஜீஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தினால், கார்மெண்டில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள்தானே பாதிக்கப்படுவார்கள்? (தாய் ஒருவர், ஹட்டன்)

பதில்: இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது, இதைப் பொருட்படுத்தாமல் தடை கோருபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 2010 ஓகஸ்டில் நிறுத்திய இந்தச் சலுகையை 2017 மே மாதத்தில்தான் திருப்பித் தந்தது. சித்திரவதை செய்தவனுக்கு அதனால் ஒரு ரூபாயும் குறையவில்லை. கவலையெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்குத்தான். அதே வேளை, சலுகை பறிபோகலாம் என்ற பேச்சுக்கே வலு இருந்ததையும் மறுக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூனில் கோரியது. 2022 மார்ச்சில் அச்சட்டம் திருத்தப்பட்டு, தடுத்துவைக்கும் உச்சக் காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைந்தது. ஆனால் பொலிஸ் அதிகாரி பெறும் வாக்குமூலம் சான்றாகும் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த தமிழ் இளைஞர்களை நினைத்தால், இந்தத் திருத்தத்தை வெற்றியென்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி உண்டு. போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக அமெரிக்கா 2020இல் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை விதித்தது. 2023இல் கனடா முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த, கோட்டாபய ராஜபக்ச உள்ளிட்ட நால்வர் மீதும், 2025 மார்ச்சில் பிரித்தானியா சவேந்திர சில்வா உள்ளிட்ட நால்வர் மீதும் தடை விதித்தன. இவற்றால் எந்தத் தொழிலாளியின் சம்பளமும் குறையவில்லை. பொறுப்பானவர்களைக் குறிவைக்கும் இத்தகைய நடவடிக்கைகளையே கேளுங்கள்.

கேள்வி: நம் அரசு தன் நண்பர்களைக் கேட்கிறதா? (ஆசிரியர் ஒருவர், பண்டாரவளை)

பதில்: போதிய அளவுக்கு இல்லை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், பிறப்புச் சான்றிதழின்படி 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவருக்கு, சட்டத்தரணி இல்லாமல் பெறப்பட்ட வாக்குமூலத்தைக் கொண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டார். இலங்கை கருணை கோரியது உண்மை. தூதுவரைத் திருப்பி அழைத்ததோ எல்லாம் முடிந்த பிறகு. நம் தோட்டங்களிலிருந்து பெண்கள் இன்றும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். ஆகவே வெளிவிவகார அமைச்சுக்கும் எழுதுங்கள். பிரதியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். நடந்தது என்ன, எங்கே, எந்தத் திகதியில் என்பதையும், ஒரேயொரு கோரிக்கையையும் ஒரு பக்கத்தில் அடக்கிப் பதிவுத் தபாலில் சேருங்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும் பெயரைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து மறுபடியும் எழுதுங்கள்.