ஓசிஐ அட்டையில் 'குடிமகன்' என்று இருந்தால் வாக்குரிமை உண்டா?

கேள்வி: ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன; ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டையும் அப்போதே வாங்கிவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகச் சொந்த ஊரில்தான் இருக்கிறேன். நிலத்தகராறு காரணமாக என் சித்தப்பா மகன் படிவம் 7 கொடுத்து, வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கவைத்துவிட்டார். பிறந்த மண்ணில் அந்நியனாகிவிட்டேன். மேல்முறையீடும் மானநட்ட வழக்கும் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அவர் எந்தக் கோபத்தில் மனுக் கொடுத்தார் என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. நீங்கள் இந்தியக் குடிமகனா என்பது மட்டுமே கேள்வி. இல்லை. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9இன்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. அதற்குத் தனி உத்தரவு தேவையில்லை.

'வெளிநாடுவாழ் இந்தியர்' என்பவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியே வசிக்கும் குடிமகன். படிவம் 6ஏ கொடுத்துப் பதிந்துகொண்டு, நேரில் வந்து வாக்களிக்கலாம். 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்', அதாவது ஓசிஐ, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். கையில் இருப்பது ஆயுள்கால விசா. வாக்காளராகப் பதியும் உரிமை அவருக்கு இல்லை என்று பிரிவு 7பி நேரடியாகவே சொல்கிறது. பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது.

ஆபத்து மேல்முறையீட்டு மனுவின் முதல் வரியிலேயே இருக்கிறது. 'மனுதாரர் இந்தியக் குடிமகன்' என்று குமாஸ்தா வழக்கம்போல் தட்டச்சு செய்வார். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்காகத் தெரிந்தே பொய்யாக எழுதிக்கொடுத்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குடியுரிமைச் சட்டம் பிரிவு 7டியின்கீழ் ஓசிஐ அட்டையே ரத்தாகும் நிலையும் வரலாம். இந்த ஆறு ஆண்டுகளில் வாக்களித்திருந்தால், விசாரணையில் அதையும் நீங்களே வெளியே கொண்டுவருவீர்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மானநட்ட வழக்கு நிற்காது. அவர் எழுதிக்கொடுத்தது உண்மை.

நிலத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பங்கை நீங்கள் விலைக்கு வாங்குவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓசிஐ விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், வாங்க முடியாது. மீறினால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விழும். உங்கள் பங்கை அவருக்கு விற்பது அல்லது பாகப்பிரிவினை செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

வாக்குரிமைதான் முக்கியம் என்றால் அதற்கு நேர்வழி உண்டு. ஓசிஐயாக ஐந்தாண்டு, மனுவுக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வாசம் என்ற இரண்டும் உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(1)(ஜி)யின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருக்கும். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் தொடங்குங்கள்.