நோட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்

கேள்வி: ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 5, 10 ரூபாய் நோட்டுகளைப் போட்டோ ஆல்பத்தில் வைத்திருந்தோம். இப்போது பக்கங்கள் பிசுபிசுக்கின்றன. ஒரு நோட்டு உறையோடு ஒட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: நோட்டைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். உறையின் மூன்று ஓரங்களையும் கத்தரித்து ஏடு போலத் திறந்துகொள்ளுங்கள். நோட்டை மேஜையில் தட்டையாக வைத்து, பிளாஸ்டிக்கை ஒரு மூலையிலிருந்து பின்னால் மடக்கியபடி மெல்ல உரியுங்கள். வளைய வேண்டியது பிளாஸ்டிக். நோட்டு அசையக் கூடாது. மை கிளம்பி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியை ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவர் பார்க்கட்டும். எடுத்த நோட்டை வெள்ளை மையொற்றுத் தாள்களுக்கு நடுவே இரண்டு நாள் வைத்த பிறகு புது உறைக்கு மாற்றலாம்.

இதற்கெல்லாம் காரணம் உறையின் பி.வி.சி. பிளாஸ்டிக். அதை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் வெயிலில் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளியாகும். புது மழைக்கோட்டு வாடை அடிக்கிற உறையை நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, காலி உறையில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பி.வி.சி. இதை வெட்டவெளியில் செய்யுங்கள், புகையை முகராதீர்கள். வாங்க வேண்டியது மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை, அல்லது பாலிபுரோப்பிலீன் உறை. நோட்டைவிடச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி: அழுக்கேறி மடிந்த நோட்டை அலசி, இஸ்திரி போடலாமா? ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்திருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். நம் நோட்டு பருத்தித் தாள். தண்ணீர் பட்டால் தாளுக்கு விறைப்புத் தரும் பசை கரைந்து, அந்த மொடமொடப்பு போய்விடும். பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது. இஸ்திரிச் சூட்டில் அச்சின் மேடு அமுங்கிவிடும். விரலால் தடவினாலே சேகரிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார். பின்னை எடுக்க, அதன் கால்களுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய அட்டையைச் செருகி, கால்களை நிமிர்த்தி, முன்பக்கமாக நேராகத் தூக்குங்கள். ஸ்டேப்ளர் அடிப்பதை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி 2001-இல்தான் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் பழைய நோட்டில் துளை சகஜம். துளையைவிட, அதை மறைக்க ஒட்டும் செலோடேப்தான் கேடு: பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் கூடாது.

கேள்வி: பீரோவில் பாச்சை உருண்டை போடலாமா?

பதில்: போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சியை ஈரம்தான் அழைத்து வருகிறது. ஆல்பத்தைச் சுவரொட்டிய கீழ்த்தட்டில் வைக்காமல், மூடிய பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நடுத்தட்டில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து உலர்த்தி மறுபடி போடலாம். ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். 30-க்குக் கீழே போனால் தாள் நொறுங்கும்.

கேள்வி: 2016-இல் செல்லாததான 500, 1000 நோட்டுகளை எத்தனை வைத்திருக்கலாம்?

பதில்: 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேகரிப்புக்காக, இரண்டும் சேர்த்து 25 வரை. மற்றவர்களுக்கு 10. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம்.